பழைய பாலத்தோடு பேச்சும் போய்விடக் கூடாது: மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா பாம்பன் பாலத்தில் கீமேனாக இருந்தவர். அப்பா பாயிண்ட்ஸ்மேன், வண்டிக்குத் தடம் மாற்றிவிடுகிற ஆள். நான் டீச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரயில்வேயில் எனக்கு ஒரு நாள் சர்வீஸும் கிடையாது. ஆனால் ரயில்வே சம்பளத்தில் சோறு தின்று, ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்தபோது எங்கள் ஊரே கரையில் நின்றது. 72.5 மீட்டர் நீளமுள்ள இரும்புத் துண்டு ஒன்று லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்பிப் போவதைப் பார்த்து நானும் கை தட்டினேன். தாத்தா இருந்திருந்தால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டிருப்பார். அது அவர் மரியாதை செய்யும் முறை. அப்புறம் பக்கத்தில் நின்ற பழைய பாலத்தைப் பார்த்தேன். 1914 பிப்ரவரி 24-இல் திறந்தது. 2022 டிசம்பர் 23-இல் அதன்மேல் ரயில் ஓடுவது நின்றது. 1964 புயலில் தனுஷ்கோடி கடலுக்குள் போனதும் டிசம்பர் 22, 23-இல்தான். இங்கே உள்ள பெரியவர்கள் அந்தத் தேதிகளைச் சேர்த்துச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

பழைய பாலத்தைக் கழற்றப் போகிறார்கள், ஒரு பகுதியை நினைவாக வைக்கப் போகிறார்கள் என்று பலவிதமாகப் பேச்சு அடிபடுகிறது. இரும்பை என்ன செய்வது என்று முடிவெடுக்க உங்களிடம் பொறியாளர்கள் இருக்கிறார்கள். நான் கேட்க வந்தது வேறு. அந்தப் பாலத்தில் வேலை பார்த்த ஆட்களின் வாய்ப்பேச்சு, கேலி, கதை, நம்பிக்கை, பாட்டு எல்லாம் இன்னும் சில பெரியவர்களின் நெஞ்சில் மட்டும்தான் இருக்கிறது. அதை எடுத்து வைக்க ரயில்வே முன்வர வேண்டும். இதுதான் என் கோரிக்கை. இது ஏன் முக்கியம் என்பதை எனக்குத் தெரிந்த பேச்சிலேயே சொல்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. தாத்தாவுக்குப் பரமக்குடிப் பக்கம் பெண் பார்க்கப் போனார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, உடன் போனவர் பெருமையாக "ரயில்வேயில கீமேன்" என்று சொன்னார். கீ என்றால் சாவி என்பது பெண்ணின் அப்பாவுக்குத் தெரியும். சாவி வைத்திருக்கிற ஆள் என்றால் கஜானாவே இவர் கையில் என்று நினைத்துவிட்டார். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. கல்யாணம் முடிந்து பாட்டி பாம்பனுக்கு வந்த மறுநாள் காலை, தாத்தா தோளில் ஒரு சுத்தியல், கையில் ஒரு ஸ்பேனர், இடுப்பில் சிவப்புக் கொடி, இவற்றோடு கிளம்பினார். "சாவி எங்கே?" என்று பாட்டி கேட்டார். தாத்தா அவரைத் தண்டவாளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கிற ஆப்பைக் காட்டினார். "இதுதான் சாவி. ஒரு மைலுக்கு ஆயிரக்கணக்குல இருக்கு. ஒண்ணு தளர்ந்தாலும் என்னைத்தான் கேப்பாக." பாட்டி சாகும்வரை இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எங்கப்பா ஒரு பூட்டைக் கேட்டாரு, கடல்மேல பூட்டுப் போட்ட ஆளைக் கட்டி வச்சாரு" என்பார்.

கீமேன் தன் பகுதியை நாள்தோறும் நடந்தே பார்க்க வேண்டும். தளர்ந்த ஆப்பை அடித்து இறுக்க வேண்டும், கழன்ற போல்ட்டை முறுக்க வேண்டும், ஆபத்து என்றால் கொடி காட்டி வண்டியை நிறுத்த வேண்டும். அதோடு தண்டவாளத்தில் பட்டாசு வைக்க வேண்டும். வேடிக்கைப் பட்டாசு இல்லை. சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவருக்கு எச்சரிக்கை கொடுக்கும் டெட்டனேட்டர். கொடி தெரியாத மழையிலும் இருட்டிலும் அந்தச் சத்தம்தான் துணை. தீபாவளிக்கு நாங்கள் வெடி கேட்டால், "என் பெட்டியில இருக்கு, ஆனா அது வெடிச்சா எனக்கு மெமோ வரும்" என்பார் தாத்தா. எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க இந்த மாதிரிப் பேச்சுதான்.

ஐயா, ரயில்வேக்காரர்களின் பேச்சு ரயிலடியோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாடே அதைப் பேசுகிறது, எங்கிருந்து வந்தது என்று நினைக்காமலே. "லைன் கிளியர்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தடத்தில் அடுத்த ரயிலடிக்காரர் "வழி காலி, அனுப்பலாம்" என்று ஒப்புதல் தந்தால்தான் வண்டி நகரும். இன்று பெண் வீட்டார் சம்மதித்தால் லைன் கிளியர், வங்கிக் கடன் கிடைத்தால் லைன் கிளியர். வேலையில்லாமல் தெருவுக்கும் வீட்டுக்கும் நடப்பவன் ஷண்டிங் அடிக்கிறான். சின்னப் பையன் அரை டிக்கெட். ஒரு காரியத்துக்குச் சம்மதம் சொல்வது பச்சைக்கொடி காட்டுவது. மெதுவாக நடந்தால் கூட்ஸ் வண்டி. மழைக்காலத்தில் சுவரோரம் ஊர்கிற மரவட்டைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ரயில் பூச்சி. ஒருவனுடைய உண்மையான நிலைமையை ஊரறியச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவதற்கு, "உன் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடுவேன்" என்பதைவிடக் கூர்மையான வாக்கியம் தமிழில் எனக்குத் தெரியவில்லை.

கைகாட்டி என்ற சொல்லுக்கு நான் தனியாக மரியாதை செய்ய வேண்டும். அந்தப் பழைய சிக்னல் மரத்தில் கை நேராக நீட்டியிருந்தால் நில், கீழே சாய்ந்தால் போ. பார்த்த மாத்திரத்தில் புரிகிற இந்தப் பெயரை எந்த அகராதிக் குழுவும் கூடி உட்கார்ந்து வைக்கவில்லை. பார்த்தவர்கள் வைத்தார்கள். "கை இறங்கிருச்சு, வண்டி உச்சிப்புளியைத் தாண்டிருச்சு" என்று பாட்டி உலையை இறக்குவார். அப்பா டூட்டி முடிந்து வருவதற்கு அதுதான் கடிகாரம். அந்தி சாய்ந்தால் கைகாட்டி மரத்தில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கு வைக்கிற ஆளுக்குப் பிள்ளைகள் எல்லாரும் கீழே நின்று கையசைப்போம்.

"ஓசி" என்ற சொல்லுக்கு அப்பா ஒரு கதை வைத்திருந்தார். கம்பெனி காலத்தில், கம்பெனி வேலையாகப் போகும் தபாலுக்குக் காசு கிடையாது, அதன்மேல் அதற்கான ஆங்கில எழுத்துகளைப் போட்டு அனுப்புவார்கள், அதிலிருந்து வந்ததுதான் ஓசி என்பார். இந்தக் கதை பல ஊர்களில் பலவிதமாக உலாவுகிறது. அப்பா அதை ரயில்வே பாஸோடு சேர்த்துச் சொல்வார். "நாம ஓசியில போகலை. வெயில்ல ஏற்கெனவே குடுத்த காசுக்குத்தான் பாஸ்" என்று முடிப்பார்.

அப்பாவின் பேச்சு பெரும்பாலும் பந்தைச் சுற்றியே வரும். சின்ன லைன் காலத்தில், அதாவது மீட்டர் கேஜ் காலத்தில், அவர் வேலை பார்த்த ரயிலடிகளில் ஒற்றைத் தடத்துக்கு டோக்கன் உண்டு. அது இரும்புப் பந்து. இரண்டு ரயிலடிகளிலும் இருக்கிற கருவிகள் மின்கம்பியால் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. ஒரு நேரத்தில் ஒரே பந்துதான் வெளியே வரும். அந்தப் பந்து டிரைவர் கையில் இருந்தால்தான் அடுத்த ரயிலடிவரை தடம் அவருடையது. ஆகவே எதிர்வண்டி வர வழியே இல்லை. பந்தைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். நிற்காத வண்டியில் ஃபயர்மேன் கையை வளைத்து அதைக் கோத்து வாங்கிக்கொள்வார். வாங்கும்போது முழங்கையில் விழுகிற அடிக்கு "மாமியார் குத்து" என்று அப்பாவின் கூட்டாளிகள் பெயர் வைத்திருந்தார்கள். யாராவது சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் "பந்து வாங்கிட்டியா?" என்று கேட்பார்கள். வீட்டில் மனைவி சொல்லிவிட்டாரா என்று அர்த்தம்.

இந்தப் பந்தை நினைக்கும்போதெல்லாம் அமெரிக்கா ஞாபகம் வரும். அங்கே பழைய ரயில்பாதைகளில் கம்பத்தில் ஒரு பெரிய பந்தைக் கயிற்றால் ஏற்றி இறக்கிச் சைகை கொடுத்தார்கள். பந்து மேலே ஏறினால் வழி திறந்தது. அதிலிருந்து "ஹைபால்" என்றால் "கிளம்பு, வேகமாகப் போ" என்று ஆகிவிட்டது. பெரிய நீராவி இஞ்சினுக்கு அங்கே பன்றி என்று பட்டப்பெயர். அதனால் அதை ஓட்டுபவர் "ஹாக்ஹெட்", பன்றித் தலையர். தண்டவாளத்தைக் கடப்பாரையால் நெம்பி நேராக்கும் ஆட்கள் தாளத்தோடு அசைவதைப் பார்த்து "கேண்டி டான்சர்" என்று பெயர். நீராவித் துளைப்பான் எந்திரத்தோடு போட்டியிட்டு ஜெயித்து, சம்மட்டி கையிலிருக்கும்போதே உயிரை விட்ட ஜான் ஹென்றி என்ற சுரங்கத் தொழிலாளியின் கதையை மேற்கு வர்ஜீனியாவின் ஒரு ரயில் சுரங்கத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். 1900 ஏப்ரல் 30 அன்று, மோதப் போகிறோம் என்று தெரிந்தும் பிரேக்கை விடாமல் நின்று, பயணிகளைக் காப்பாற்றித் தான் மட்டும் இறந்த கேஸி ஜோன்ஸ் என்ற டிரைவருக்குப் பாட்டு இருக்கிறது. அந்த நாட்டுக்காரர்கள் 1930-களிலேயே ஒலிப்பதிவு எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்துக்கே போய், கூலியாட்கள் பாடுவதைப் பதிந்து, வாஷிங்டனில் அவர்களுடைய தேசிய நூலகத்தில் வைத்தார்கள். அந்தக் கூலியாட்களில் பெரும்பாலோர் அடிமைகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நம் கீமேனும், பளு தூக்குகிற கலாசியும் பாடியதற்கு அந்த மதிப்பு கிடைக்க வேண்டாமா?

பாட்டு என்றதும் கேங் வேலைதான், அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கும் கூட்டத்தின் வேலைதான் கண்முன் வருகிறது. தண்டவாளத்தைத் தூக்கி நகர்த்தும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் "ஐலசா" போட்டு ஒரே மூச்சில் நெம்புவார்கள். வலை இழுப்பவர்களுக்கும் தண்டவாளம் இழுப்பவர்களுக்கும் எங்கள் கரையில் ஒரே மெட்டுதான். ஏனென்றால் பாதிப் பேர் அண்ணன் கடலில், தம்பி லைனில் என்று இருந்தவர்கள். அடி எடுத்துக் கொடுப்பவருக்கு வரியை அங்கேயே கட்டத் தெரிய வேண்டும். மேலதிகாரியின் தொப்பை, மேஸ்திரியின் கஞ்சத்தனம், புது மாப்பிள்ளையின் தூக்கம் எல்லாம் பாட்டில் வரும். ஆனால் ஒருவர் கண் எப்போதும் தூரத்தில் இருக்கும். ஆய்வாளர் வருகிற தள்ளு ட்ராலியில் ஒரு குடை உண்டு. "குடை தெரியுது" என்று குரல் வந்தால், அதே மெட்டில், மூச்சு விடும் நேரத்துக்குள் பாட்டு ராமநாத சுவாமிக்குப் போய்விடும். கேங்கில் இருந்த முஸ்லிம் நானாமார்களும் சேர்ந்தே ஐலசா போடுவார்கள். குடை தாண்டிப் போனதும் தொப்பை திரும்பி வந்துவிடும். ஆய்வாளரே ஒரு தடவை ட்ராலியை நிறுத்தி, "நான் வர்றதுக்கு முன்னாடி பாடின பாட்டைப் பாடுங்கய்யா" என்று கேட்டதாகவும், யாருக்கும் வாய் திறக்கவில்லை என்றும் தாத்தா சொல்லுவார்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் பாலத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. பழைய பாலத்தில் காற்றுவேகமானி வைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி வண்டி நின்றுவிடும். அந்தக் கருவி சொல்வதற்கு முன்பே தாத்தாவின் துண்டு சொல்லிவிடும் என்பது பாம்பன் கேங்கில் வேதவாக்கு. நீட்டிய கையில் துண்டு தொங்கினால் சரி. படபடத்தால் பாலத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நட. கயிறு மாதிரி நேராக நின்றால் திரும்பிவிடு. எந்தக் காற்று என்பதும் முக்கியம். தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் வடக்கே பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் எங்கள் பக்கம் சொல்வோம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காலத்தில் ஆண் கடல் பொங்கும், வாடைக் காலத்தில் பெண் கடல் பொங்கும். பாலம் இரண்டுக்கும் நடுவில். "ரெண்டு பேர் சண்டைக்கு நடுவுல நிக்கிற பிள்ளை மாதிரி" என்று தாத்தா பாலத்தைச் சொல்லுவார். உப்புக்காற்று அந்தப் பிள்ளையை நாள்தோறும் தின்னும். சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் ஒருபோதும் முடியாத வேலை. ஒரு முனையில் அடித்து மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனை துருப்பிடித்துவிடும். முடிவே இல்லாத எந்த வேலைக்கும் எங்கள் வீட்டில் "பாலத்துக்குப் பெயின்ட்" என்றே பெயர். இப்போது என் பேத்தி வீட்டுப்பாடத்துக்கு அதைத்தான் சொல்கிறாள். அவள் அந்தப் பாலத்தில் ரயில் போய்ப் பார்த்ததில்லை.

கப்பல் வரும் நாள் எங்களுக்குத் திருவிழா. கப்பலுக்கு வழிவிடத் திறக்கிற ஷெர்ஸர் தூக்குப் பாலத்தின் இரண்டு இறக்கைகளும், ஒவ்வொன்றும் 415 டன், இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் கையால் சுற்றச் சுற்ற மெல்ல எழும்பும். எதிர் எடை கட்டியிருப்பதால்தான் மனிதக் கை அதைத் தூக்குகிறது என்று அப்பா எனக்கு விளக்கினார். தாத்தாவின் விளக்கம் வேறு. "பாலத்துக்குக் கப்பலைப் பார்த்தா மரியாதை. எந்திரிச்சு நிக்கும்" என்பார். எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் எடுக்கும்போது இரண்டையும் சொல்லித்தான் எடுத்தேன்.

ரயிலிலிருந்து பக்தர்கள் கடலில் காசு போடுவார்கள். பாதிக் காசு கடலுக்குப் போகாமல் பாலத்துக் கட்டையிலும், கர்டர் என்ற இரும்பு உத்திரத்திலும் தங்கிவிடும். மறுநாள் நடக்கும் கீமேன் அதை எடுக்க மாட்டார், சுத்தியலால் தட்டிக் கடலில் விடுவார். வேண்டுதல் பாதி வழியில் நிற்கக் கூடாது என்பது கணக்கு. "லைன் கிளியர் குடுத்து அனுப்புறேன்" என்பார் தாத்தா.

சரி, இப்போது சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன்.

"வித்தவுட்" என்பது எங்கள் ஊரில் சிரிப்புச் சொல்லாக இருந்தது. டிக்கெட் இல்லாமல் வருவது வித்தவுட். பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் கருவாட்டுக் கூடையோடு ஏறுகிற ஓர் ஆச்சி இருந்தாராம். டிக்கெட் எடுத்தே பழக்கமில்லாதவர். கேட்டால் "இந்த லைன் போடுறதுக்கு எங்க அப்பாரு மண் சுமந்தாரு, அந்தக் காசைக் கழிச்சுக்க" என்பாராம். கார்டுகளும் பரிசோதகர்களும் அவரை "வித்தவுட் ஆச்சி" என்றே கூப்பிடுவார்கள். அவரும் ஏன் என்று கேட்டதில்லை. ஏறும்போது ஒரு கை கருவாடு யார் மடியிலாவது விழும்.

1964 டிசம்பர் 22 இரவு, 653-ஆம் எண் பயணிகள் வண்டி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பியது. தனுஷ்கோடிக்கு முன்னால் சிக்னல் விளக்கு தெரியவில்லை என்றும், டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்து, நீளமாக விசில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார் என்றும் சொல்கிறார்கள். அலை வந்து வண்டியை மொத்தமாக எடுத்துக்கொண்டது. பயணிகள் 110, பணியாளர்கள் 5, ஆக 115 பேர் என்று கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும் என்று அன்றிலிருந்து இன்றுவரை பேச்சு இருக்கிறது. ஆச்சியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. கணக்கு எழுதியபோது அவர் பெயரைச் சொல்ல யாருக்கும் பெயர் தெரியவில்லை. பட்டப்பெயர்தான் தெரியும்.

அதற்கப்புறம் எங்கள் குவார்ட்டர்ஸில் யாரும் வித்தவுட் என்று சொல்லிச் சிரித்ததில்லை. ஊர் உலகமெல்லாம் அந்தச் சொல்லை விளையாட்டாகச் சொன்னபோது, தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வந்ததைப் பெருமையாக அந்தச் சொல்லில் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து ஆச்சியின் கதையைச் சொன்னார். மழைக்காலத்து இரவுகளில் தனுஷ்கோடிப் பக்கமிருந்து விசில் கேட்கும் என்று கேங்காரர்கள் சொல்லிக்கொள்வதையும் அன்றுதான் சொன்னார். "அது பேய் இல்லத்தா. கை இறங்கலைன்னு கேட்டுக்கிட்டு இருக்காரு" என்றார்.

அந்தப் புயலில் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. ஷெர்ஸர் பகுதி அசையாமல் நின்றது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் பாலத்தை மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது எல்லாருக்கும் தெரியும், தெரிய வேண்டியதும்தான். அந்த நாட்களில் கேங்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிய பேச்சும், பாடிய பாட்டும், பாடாமல் விட்ட பாட்டும் அந்த வரலாற்றின் பாதி. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன தடத்தை அப்புறம் போடவே இல்லை. மெட்ராஸில் ஒரே டிக்கெட் வாங்கி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போன போட் மெயில் காலம் அத்தோடு முடிந்தது.

1974 மே 8-இலிருந்து 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றி அப்பா அதிகம் பேச மாட்டார். அந்த மாதம் எங்கள் வீட்டுக்குள் வந்த ஒரே புதுச் சொல் "கருங்காலி". உறுதியான, பூச்சி அரிக்காத மரத்தின் பெயர், வேலைநிறுத்தத்தை உடைத்து டூட்டிக்குப் போனவர்களுக்கு வசவாகிப் போனது. இரண்டு குடும்பங்கள் அந்த ஒரு சொல்லால் பத்து வருஷம் பேசிக்கொள்ளவில்லை. சேர்ந்ததும் ஒரு கேலியால்தான். ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவர் மற்றவர் இலையைக் காட்டி, "அவுட்டர்ல ரொம்ப நேரமா நிக்கிறாரு, யாராவது கையை இறக்குங்கப்பா" என்று சொல்ல, பரிமாறியவர் சோற்றை வைக்க, இரண்டு பேரும் அழுதார்கள். நான் அங்கே இருந்தேன்.

பத்து வருஷத்துக்கு முன்பு தாத்தாவின் கைவிளக்கையும் சுத்தியலையும், நான் கேட்டுக் கேட்டு எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். விளக்கையும் சுத்தியலையும் புரட்டிப் பார்த்தார்கள். நோட்டைத் திறக்கவில்லை. "சாமான் இருந்தா வைக்கலாம்மா. பேச்சை எங்க வைக்கிறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வியாகத்தான் கேட்டார்கள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை, மூன்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது பதில் இருக்கிறது.

ஆண்டுதோறும் நவம்பரில் ரயில்வே ஓய்வூதியக்காரர்கள் லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுக்கிறார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுவதற்குப் பேரன் கையைப் பிடித்துக்கொண்டாவது வருகிறார்கள். அந்த மாதத்தில் ராமநாதபுரத்திலும் மண்டபத்திலும் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்தால் போதும். உயிரோடு இருக்கிறீர்களா என்பதோடு, என்ன பேசினீர்கள் என்றும் கேட்கட்டும். கேங்மேன், கீமேன், கலாசி, பாயிண்ட்ஸ்மேன், ட்ராலிமேன், தூக்குப் பாலத்தைச் சுற்றியவர்கள், இவர்களோடு இவர்களின் மனைவிமார்களையும் கேட்க வேண்டும். பட்டப்பெயர்களும் கேலிகளும் பெண்களிடம்தான் பத்திரமாக இருக்கின்றன. பதிவு எழுதும்போது அவர்கள் சொன்ன மாதிரியே எழுத வேண்டும். "குடை தெரியுது" என்பதை "ஆய்வாளர் வருகை" என்று திருத்தினால் நாங்கள் கொடுத்தது உங்களிடம் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

பழைய பாலத்தின் ஏதாவது ஒரு பாகத்தை நீங்கள் காட்சிக்கு வைப்பதாக இருந்தால், தூக்குப் பாலத்தைச் சுற்றிய அந்தக் கைப்பிடிகளில் ஒன்றை அவசியம் வையுங்கள். பிள்ளைகள் பிடித்துச் சுற்றிப் பார்க்கிற மாதிரி வையுங்கள். பக்கத்தில் எடையும் ஆண்டும் எழுதுவதோடு, அதைச் சுற்றியவர்கள் அதை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதையும் தமிழில் எழுதுங்கள். பாம்பன் ரயிலடியில் ஒரு சின்ன அறை போதும். காதில் மாட்டிக் கேட்க நாலு கருவி. வண்டிக்குக் காத்திருக்கிற நேரத்தில் யாராவது மாட்டிக்கொண்டு ஐலசா கேட்கட்டும். திருச்சியிலும் பெரம்பூரிலும் ரயில் அருங்காட்சியகம் பார்த்தேன். இஞ்சின்கள் பளபளவென்று நிற்கின்றன. நிறைய நேரம் நின்று பார்த்தேன். யாராவது பேச மாட்டார்களா என்று இருந்தது.

என் நோட்டைத் தருகிறேன். விளக்கையும் சுத்தியலையும் தருகிறேன். ரசீதுகூட வேண்டாம்.

ஒன்று மட்டும் சீக்கிரம் செய்ய வேண்டும். தாத்தாவின் கேங்கில் கடைசியாகச் சேர்ந்த பையன் இப்போது பாம்பனில் இருக்கிறார். புயல் வருஷம் அவருக்கு இருபத்திரண்டு வயது. அந்த 46 நாளும் கர்டர் தூக்கியவர். அடி எடுத்துக் கொடுக்கிற பாட்டுக்காரரும் அவர்தான். போன வாரம் போயிருந்தேன். குடை தாண்டிப் போனபின் பாடுகிற பாட்டு முழுதாக ஞாபகம் இருக்கிறது என்றார், ஐலசா போட ஆள் வேண்டும் என்றார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல், வெயில் தாழ்ந்ததும், பாலம் தெரிகிற திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இடது காது மட்டும்தான் கேட்கும், அந்தப் பக்கமாக உட்கார்ந்து பேச வேண்டும். நீங்களே வருவதாக இருந்தால் நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
பாம்பன் கீமேனின் பேத்தி
மண்டபம்